முதலில் நிறுத்தச் சொன்னவன்

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் அந்த லிஃப்ட் லேசாக முனகியது. உள்ளே நின்றவர்கள் ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் காதிலும் அது விழவில்லை. அவர்களோடு நின்ற லிஃப்ட் பழுது பார்க்கிறவன் காதில் மட்டும் விழுந்தது. ஆறாவது மாடியில் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பி லிஃப்டை நிறுத்தினான். வாசலில் 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டினான்.

காவலாளி படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"நல்லாத்தானே தம்பி ஓடிட்டிருந்துச்சு. மேல இருக்கற மேனேஜர் படியேறணும்னா என்னைத்தான் கடிச்சுத் துப்புவார்."

"சத்தம் வருதுண்ணே."

"சத்தம் வந்தா என்ன? என் முழங்கால்லகூடத்தான் வருது. ஓடுதுல்ல?"

"தன்னால முடியலைன்னு அது சொல்லுதுண்ணே. சொல்லும்போதே நிறுத்திட்டா கொஞ்சம் கிரீஸோட போயிடும். இல்லைன்னா..."

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் ஒப்பிக்கிற பாடம்தான் அது. 'இல்லைன்னா ஆளோட போயிடும்' என்று ஒரு சிரிப்போடு முடிப்பான். கேட்பவர்களும் சிரித்துவிட்டுப் படியில் ஏறிப் போவார்கள். இன்றைக்கு வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைன்னா என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க போங்க, அரை மணியில முடிச்சுடறேன்."

காவலாளி இறங்கிப் போனதும் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. நண்பனின் மனைவி. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தான். நேற்றும் முந்தாநாளும் அப்படித்தான் விட்டான்.

"அண்ணா, வேலையில இருக்கீங்களா? அவரு இப்ப தெளிவாப் பேசறாரு. உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காரு. சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. ஒரு சின்ன முள்ளாவது இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வரேன்மா" என்றான்.

அவர்கள் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். லிஃப்ட்காரனுக்கு நண்பர்களிடையே கேப்டன் என்று பெயர். தெரியாத ஊரிலும் தெரிந்த மாதிரி வண்டியை முன்னால் விடுகிறவன் என்பதால் வந்தது. அடுத்தவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கிறவன். அவன் லென்ஸ். மூன்றாமவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியன், பீட்டி. வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டில் பாத்திரம் தேய்த்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, மூவரும் ஆளுக்கொரு பைக்கில் கண்காணாத தூரம் போய்வருவார்கள். முதல் வருஷங்களில் அது வெறும் ஊர் சுற்றல். பிறகு அதற்கு ஒரு சட்டம் வந்தது.

சட்டத்தைக் கொண்டுவந்தவன் கேப்டன்தான். பொம்மைக் கடையில் ஒரு சைக்கிள் ஹாரனைப் பார்த்தான். மஞ்சள் நிறம், பின்னால் ரப்பர் குமிழ். அமுக்கினால் கழுத்தைப் பிடித்த வாத்து மாதிரி கத்தும். அதை வாங்கி வந்து சட்டத்தை அறிவித்தான். பெட்ரோல் போடும் இடத்திலும் சாப்பாட்டு இடத்திலும்தான் நிறுத்தலாம், அதுவும் வேலை முடிகிறவரைதான். நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் முதலில் 'நிறுத்துங்கடா' என்று கேட்கிறவன் வண்டியில் அந்த ஹாரனைக் கட்டுவார்கள். வழியில் வரும் ஊர்களிலெல்லாம் அவன் அதை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். அடுத்த பயணம்வரை அவன் பெயர் வாத்து.

சட்டம் நன்றாக வேலை செய்தது. ஒரு முறை பீட்டி அவசரத்தை அடக்கிக்கொண்டு வெகுதூரம் ஓட்டிவந்து, பெட்ரோல் பங்கில் வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் கழிப்பறைக்கு ஓடினான். வண்டி சாய்ந்து விழுந்தது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி மூவரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். போன வருஷம் லென்ஸுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொன்னான். ஹாரனோடு அவன் நிற்கிற படத்தைக் கேப்டன் எல்லாருக்கும் அனுப்பினான்; அது கைமாறிக் கைமாறிக் கண்ணாடிக் கடை முதலாளிவரை எட்டியது. அவர் வாடிக்கையாளர் எதிரிலேயே "டேய் வாத்து, அந்த பிரேமை எடு" என்பார். வருஷம் பூராவும் எல்லாரும் சிரித்தார்கள். லென்ஸும் சிரித்தான், கொஞ்சம் கம்மியாக.

இந்த வருஷம் கிளம்பின அன்று, இருட்டுப் பிரியும் நேரத்தில் லென்ஸ் சிவந்த கண்களோடு வந்து நின்றான்.

"என்னடா, கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு?" என்றான் பீட்டி.

"குழந்தைக்குக் காய்ச்சல்டா. ராத்திரி பூரா தோள்ல போட்டுட்டு நடந்தேன். மூணு நாள் அவதானே தனியாப் பாத்துக்கணும், இன்னைக்கு ஒரு ராத்திரி நான் பாக்கறேன்னு வாங்கிக்கிட்டேன்."

"இறங்கிடுச்சா?"

"அதுக்கு இறங்கிடுச்சு. எனக்குத்தான் ஏறும்போல இருக்கு."

சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள். காலைக் குளிர் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில், தட்டு காலியானதும் லென்ஸ் கன்னத்துக்குக் கையை முட்டுக் கொடுத்தான். கை மெல்ல வழுக்கியது.

"டேய், ஒரு அரை மணி நேரம். இந்த பெஞ்சுலயே சாய்ஞ்சுக்கறேன். நீங்க டீ குடிச்சுட்டு இருங்க. கண்ணு சொருகுது."

கேப்டன் பையைத் திறந்து ஹாரனை எடுத்து, தட்டுகளுக்கு நடுவில் அலுங்காமல் வைத்தான். பீட்டி ஒரே ஒரு முறை அமுக்கினான். பக்கத்து மேசையில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். லென்ஸின் காது மடல் சிவந்தது.

"சரி, சரி. எடுத்து உள்ள வை. கிளம்பலாம்" என்று எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

அதன் பிறகு வந்த சாலை வளைவே இல்லாதது. இருபுறமும் அறுத்து முடித்த வயல், ஒரே இடைவெளியில் மின்கம்பங்கள், தலைக்கு மேல் வெயில். பீட்டி சலித்துப்போய்க் கண்ணுக்கு மறையும் தூரம் முன்னால் பறந்துவிட்டான். நடுவில் கேப்டன். பின்னால் லென்ஸ்.

கேப்டனின் பக்கக் கண்ணாடியில் வெளிச்சம் ஒரு முறை மின்னியது. மறுபடி மின்னியது. மறுபடியும். மூன்று முறை விளக்கடித்தால் 'நிறுத்து' என்று பொருள். அவர்களே பேசி வைத்துக்கொண்ட சைகை. கேப்டனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாத்து இந்த வருஷமும் மாட்டிக்கிச்சு என்று ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டான். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றில் ரப்பர் குமிழை அமுக்குவதுபோல் விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினான். பிறகு வேகத்தைக் கூட்டினான்.

விளக்கு அதற்குப் பிறகு மின்னவில்லை. பயந்துட்டான் என்று நினைத்தான். அடுத்த முறை கண்ணாடியைப் பார்த்தபோது சாலை மட்டும் இருந்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது பள்ளத்தில் வண்டி ஒரு பக்கம் கிடந்தது, லென்ஸ் ஒரு பக்கம் கிடந்தான். எதிரில் வந்த லாரிக்காரர் ஒருவர் ஏற்கெனவே இறங்கி, அவன் தலையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "கூட வந்தவரா? கூட வந்தவர் இவ்வளவு முன்னாடியா போவீங்க?" என்று கேட்டார்.

தொடை எலும்பு, தோள்பட்டை எலும்பு, வலது மணிக்கட்டு. தலையில் பட்ட அடியில் நினைவு தப்பியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே மருத்துவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. விழித்த பிறகும் அந்த நாள் அவன் நினைவுக்குத் திரும்பாமலே போகலாம் என்றார். தூங்கிவிட்டிருக்கிறார், சாலையில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்று போலீஸ்காரரும் எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் பீட்டி கேப்டனைத் தூண் ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போனான்.

"இங்க பாரு. தூங்கிட்டான், விழுந்துட்டான். அது உண்மைதானே? நாம எதையும் இட்டுக்கட்டல."

"சாப்பிடற எடத்துல ஹாரனை எடுத்து வெச்சது?"

"அது விளையாட்டுடா. அதையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்வாங்களா? அவனுக்கே ஞாபகம் இல்லையாம். நாம எதுக்குக் கிளறணும்? இருக்கற வேதனை போதாதா அந்தப் பொண்ணுக்கு?"

மூன்று முறை மின்னிய விளக்கைப் பற்றிப் பீட்டிக்குத் தெரியாது. கேப்டன் அதை அவனிடமும் சொல்லவில்லை. இப்படியாக அவர்கள் பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையில் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் வெளியே விட்டார்கள்.

லென்ஸ் நினைவில்லாமல் கிடந்தவரை கேப்டன் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனான். கண் விழித்துவிட்டான் என்று தெரிந்ததும் போவதை நிறுத்திவிட்டான். வேலை என்றான், மழை என்றான். வாங்கிய பழங்களை வாசலிலேயே நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினான். வேலைக்குப் போகும்போது பைக்கின் பக்கக் கண்ணாடிகளை வெளிப்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டான். பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் "கண்ணாடி எதுக்கு, அழகுக்கா?" என்று கத்திவிட்டுப் போனார். ராத்திரியில் கண்ணை மூடினால் தன் இடது கைதான் தெரிந்தது; காற்றை அமுக்குகிற விரல்கள். அவன் மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சலும் இல்ல. பின்ன என்னதான் உங்களுக்கு?" என்றாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, வார்டு வாசலில் லென்ஸின் அம்மா, நலம் விசாரிக்க வந்த ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என் பையன் எறும்புக்குக்கூட வழி விட்டு நடக்கறவன். அவனா அசட்டையா ஓட்டினான்? விடிஞ்சா வண்டியெடுக்கணும்னு தெரியும். ராத்திரி பூரா குழந்தையை அவன் தோள்ல போட்டுட்டு இவ நல்லாக் காலை நீட்டித் தூங்கியிருக்கா. பொண்டாட்டிக்கு அந்த நினைப்பு வேண்டாம்?"

இரண்டடி தள்ளி, தண்ணீர்க் குழாயில் பாட்டில் பிடித்துக்கொண்டு நின்றாள் அவர் மருமகள். திரும்பவில்லை. இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய முதுகு அது. பாட்டில் நிரம்பி வழிந்த பிறகுதான் குழாயை மூடினாள். கேப்டனைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்கண்ணா. நல்ல வேளை வந்தீங்க. உள்ள வாங்க."

அவள் கண்கள் குழிவிழுந்து கிடந்தன. நடக்கும்போது சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

லென்ஸின் காலைக் கட்டிலின் முனையில் எடை கட்டித் தூக்கியிருந்தார்கள். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. நுனியில் விரல்கள் மட்டும் எட்டிப் பார்த்தன.

"வாடா கேப்டன். எனக்குப் பயந்துட்டு வரலியா, ஆஸ்பத்திரி நாத்தத்துக்குப் பயந்துட்டு வரலியா?"

"வேலைடா."

"ஆமா, உலகத்துல இருக்கற லிஃப்டெல்லாம் நீ வந்தாத்தான் மேல போகும்." சிரிக்கப் பார்த்தான்; தோள் வலித்தது. "கட்டைவிரல் அசையுது பாரு. ஆள்காட்டிதான் இன்னும் யோசிச்சுட்டிருக்கு. வில்லையை அந்த ரெண்டு விரலாலதான் பிடிக்கணும். முதலாளி, கை சரியாகற வரைக்கும் காத்திருக்கேன்னாரு. சரியாகலைன்னா என்னன்னு அவரும் கேக்கல, நானும் கேக்கல."

கேப்டன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். லென்ஸ் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா இல்லாதப்ப உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எனக்குத் தூக்கம் வந்திருக்கு. திடீர்னா வந்திருக்கும்? கண்ணு சொருகறது நமக்கே தெரியும்ல. நான் ஏன்டா உங்ககிட்ட சொல்லல?"

கேப்டன் மாவுக்கட்டின் நுனியில் தெரிந்த விரல்களைப் பார்த்தான்.

"படுத்துட்டு அதைத்தான் யோசிக்கறேன். வேற என்ன வேலை? வீட்ல எட்டு மாசக் குழந்தை. தூக்கம் வருதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு ஓட்டியிருக்கேன்னா, நான் என்ன மாதிரி ஆளு? அவ்வளவு வீம்பா எனக்கு? நேத்து குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாங்க. இடது கையில வாங்கச் சொன்னாங்க. வாங்கலடா. பயமா இருந்துச்சு. என்னை நம்பி எதையும் கொடுக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

"சும்மா இருங்க" என்றாள் அவன் மனைவி. "நீங்க ஒண்ணும் பண்ணல. நீங்களே கேட்டாலும் நான் அன்னைக்குக் குழந்தையைக் கொடுத்திருக்கக் கூடாது. அத்தை சொல்றது சரிதான். நான் தூங்கினதுக்கு நீங்க படறீங்க."

ஒரு சுமையை ஆளுக்காள் தன் தலையில் ஏற்றிக்கொள்ளப் போட்டி போட்டார்கள். சுமைக்குச் சொந்தக்காரன் இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பீட்டி சொன்னதுபோல் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாம். கேட்பதற்கு யாரும் இல்லை. ஆனால் இந்த மனிதன் தன் குழந்தையைக் கையில் வாங்க மாட்டான். இந்தப் பெண் ஆயுள் முழுக்க அந்த வாசல் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"நீ சொன்னடா" என்றான் கேப்டன்.

"என்ன?"

"தூக்கம் வருதுன்னு சொன்ன. சாப்பிட்டதும் சொன்ன. அரை மணி நேரம் பெஞ்சுல சாய்ஞ்சுக்கறேன்னு கேட்ட. நான்தான் அந்த ஹாரனை எடுத்து மேசையில வெச்சேன். எல்லாரும் சிரிச்சோம். நீ எழுந்து முகத்தைக் கழுவிட்டு வந்துட்ட."

அவள் கையிலிருந்த பாட்டிலை மெல்லக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?" என்றான் லென்ஸ்.

"அப்புறம் ரோட்டுல விளக்கடிச்ச. மூணு தடவை. நான் கண்ணாடியில பார்த்தேன். பார்க்கலைன்னு சொன்னா அது பொய். நல்லாப் பார்த்தேன். பார்த்துட்டு, கையைத் தூக்கி... இப்படிக் காட்டினேன்." காட்டுவதற்குக் கையைத் தூக்கியவன் பாதியில் இறக்கிவிட்டான். "வேகத்தைக் கூட்டிட்டுப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தப்ப நீ இல்ல. பீட்டிக்குக்கூட இது தெரியாது."

லென்ஸ் விட்டத்தைப் பார்த்தான். கோபப்படுவான் என்று கேப்டன் காத்திருந்தான். கோபம் வரவில்லை, அவன் மார்பு ஒரு முறை ஏறி இறங்கியது, யாரோ அதன் மேலிருந்து எதையோ எடுத்துவிட்டாற்போல்.

"அப்ப நான் சொல்லியிருக்கேன்" என்றான்.

"சொன்னடா."

"ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்."

"ஆமா."

கண்ணோரம் வழிந்ததைத் துடைக்க அவனுக்குக் கை எட்டவில்லை. அவன் மனைவி துடைத்துவிட்டாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

"அத்தை, கொஞ்சம் உள்ள வாங்க. இவரு ஒண்ணு சொல்றாரு. நீங்களும் கேளுங்க."

கேப்டன் நிமிர்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், "இப்ப சொன்னதை மறுபடியும் சொல்லுங்க. ஒண்ணும் விடாம" என்றாள்.

முதல் முறை சொல்லும்போது நண்பனிடம் சொல்கிறோம் என்ற துணையாவது இருந்தது. இரண்டாம் முறை அது இல்லை. "ஹாரனா? என்ன ஹாரன்?" என்று கேட்டார் லென்ஸின் அம்மா. அவன் விளக்க வேண்டியிருந்தது. மஞ்சள் நிறம் என்றும், ரப்பர் குமிழ் என்றும், வாத்து மாதிரி கத்தும் என்றும், முதலில் நிறுத்தச் சொல்கிறவன் வண்டியில் கட்டுவோம் என்றும், எடை கட்டித் தூக்கிய ஒரு காலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டு வந்தபோது, இத்தனை வருஷம் சிரித்த வேடிக்கையில் சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளிகூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மூணு பேரும் பெரிய ஆம்பளைங்கதானே?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு மருமகளைப் பார்த்தார்; உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றான் கேப்டன்.

"மன்னிக்கறதா வேண்டாமான்னு இப்ப எனக்குத் தெரியல." அவள் குரல் உயரவில்லை. "அதை யோசிக்கத் தெம்பும் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். இவரு தூக்கம் வந்ததால மட்டும் விழல. தூக்கம் வருதுன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சதால விழுந்தாரு. என்னால முடியலைன்னு வாயைத் திறந்து சொல்றதுக்குத்தான் தைரியம் வேணும். அப்படி ஒருத்தர் சொன்னா வண்டியை நிறுத்தணும், அவ்வளவுதான் வேலை. அவரைக் கேலி பண்ணி அனுப்பிட்டா, அடுத்து முடியாதவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. சொல்லாமலே போய்ச் சாவாங்க. இதை என்கிட்ட சொல்லிட்டா மட்டும் போதாது. அந்த போட்டோவைப் பார்த்துச் சிரிச்ச எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றான். உண்மையைச் சொன்ன பிறகு அவள் தன்னை ஒரு முறைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தான்.

அவள் பேசி முடித்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"அத்தை, எனக்கும் முடியல. இங்க வந்ததுலேருந்து நான் சரியாப் படுக்கல. கேட்டா என்ன சொல்வீங்களோன்னு கேக்காமலே இருந்துட்டேன். நான் கொஞ்சம் தூங்கணும்."

அந்த அம்மாள் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை; அது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். சுவரோரம் இருந்த பெஞ்சிலிருந்து பைகளை எடுத்துக் கீழே வைத்தார். தன் போர்வையை உதறி விரித்தார். துண்டை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்துத் தட்டிவிட்டார்.

"செருப்பைக் கழட்டிட்டுப் படு" என்றார். "வீட்டுக்குப் போய்க் குழந்தையை நான் பாத்துக்கறேன். நீ எழுந்திருக்கறப்ப எழுந்திரு."

"இவரை யாரு பாக்கறது?"

"நான் இருக்கேன்மா" என்றான் கேப்டன்.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே பாட்டிலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த மருந்தைக் காட்டினாள். "அது தீர்ந்தா நர்ஸைக் கூப்பிடணும். கண் அசந்துடக் கூடாது."

"அசர மாட்டேன்."

அவள் படுத்த உடனே தூங்கிப்போனாள். ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அதை எடுத்து மேலே வைத்து, போர்வையை இழுத்துவிட்டுவிட்டுப் போனார். கைபேசி அதிர்ந்தது. பீட்டி. கேப்டன் நடைபாதைப் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் பேசினான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா... இல்ல, பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல. உனக்குத் தெரியாததையும் சொல்லிட்டேன். நீயும் வா. வந்து உன் பங்கை நீயே சொல்லு."

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மருந்துப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. எத்தனையோ ராத்திரிகளின் விழிப்பு இப்போதுதான் உடம்பில் இறங்கத் தொடங்கியது. கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினான். முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

லென்ஸ் தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தான். அவன் தூங்கவில்லை, பாதி மூடிய கண்ணால் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை, கடுமையும் இல்லை.

"டேய்" என்றான். "தூக்கம் வந்தா சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."